பழைய ஹைலக்ஸ் டீசலை அள்ளிக் குடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. என்னுடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், 3எல் என்ற மாடல் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், டர்போ இல்லை. ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம், முல்லைத்தீவு என்று தார் ரோட்டில் ஓடுவது பாதி, மிச்சம் வயலும் காட்டுப் பாதையும். இப்போது லீற்றருக்கு 7 கிலோமீற்றர்தான் போகிறது. டீசல் விற்கிற விலைக்கு இது கட்டாது. ஆனால் மாரி தொடங்கினால் வேறு வாகனம் எங்கள் வயல் பக்கம் இறங்காது, அதனால் விற்கவும் மனமில்லை.

எயார் ஃபில்டர் புதிது. கோடையில் இந்தச் செம்புழுதிக்கு அது எப்படி அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். தார் ரோட்டில் முன் ஹப் இரண்டையும் ஃப்ரீயில் விட்டு, முன் சில்லு இழுவையில் சேராமல்தான் ஓடுகிறேன். ஜாக் அடித்துப் பார்த்தேன், பிரேக் பிடித்து நிற்கவில்லை.

சந்தேகம் இரண்டு. ஒன்று, 205 ஆர் 16 இருந்த இடத்தில் இப்போது 265/75 ஆர் 16 ரயர். விட்டம் சுமார் 8, 9 வீதம் கூட. மீற்றர் குறைத்துக் காட்டுவதால் கணக்கும் கொஞ்சம் பிழைக்கும், சரி. ஆனால் பாரமும் கூடிவிட்டதே, பழைய அளவுக்கே மாற்றுவதா?

மற்றது புகை. நெல் மூட்டை ஏற்றி நாலாம் கியரில் இழுத்தால் கறுப்பாகத் தள்ளுகிறது. கராஜில் டீசல் பம்பை முழுதாகக் கழற்றச் சொல்கிறார்கள், பெரிய செலவு. முதலில் டீசலைப் பீச்சும் நொசில் நாலையும் சோதித்து, டப்பெட் (வால்வு) இடைவெளி பார்த்தால் போதாதா? இதே எஞ்சின் வைத்திருக்கும் அண்ணாமார் சொல்லுங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நொசில் சோதிக்கிற நல்ல இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள், விதைப்புக்கு முன் செய்து முடிக்க வேண்டும்.