சொந்த கெர்னல் போட்டேன், வைஃபை போச்சு: ஆப்ட் ஏன் பழைய ஹெடர்ஸையே இழுக்கிறது?

மடிவாளா_பிஜி_வாசி:
டெபியன் 12 லினக்ஸ். கூடவே வந்த 6.1 கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) போதாதென்று 6.12 சோர்ஸை இறக்கி நானே கம்பைல் செய்தேன். பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், சனி ராத்திரி ஆரம்பித்தது, நடுவில் கரண்ட் வேறு போய் வந்து, விடிந்துதான் முடிந்தது. ‘மேக் இன்ஸ்டால்’ அடித்து பூட்டும் ஆகிவிட்டது, ஆனால் பிராட்காம் வைஃபை மட்டும் இல்லை. டிரைவரை மறுபடி போட்டால் ஆப்ட் (டெபியனில் பேக்கேஜ்களை இறக்கிப் போடும் கருவி) 6.1-க்கான ஹெடர்ஸை (டிரைவர் கட்டத் தேவைப்படும் கெர்னல் கோப்புகள்) இழுத்து வந்து அதற்கு மட்டும் மாட்யூல், அதாவது கெர்னலில் சேரும் டிரைவர் துண்டு, கட்டுகிறது, 6.12-க்கு ஹெடர்ஸ் காணோமாம். இப்போது போனை யூஎஸ்பியில் செருகித்தான் இதை எழுதுகிறேன்.

பழைய_பெட்டி:
‘மேக் இன்ஸ்டால்’ கோப்புகளைக் கொண்டுபோய் வைக்கும், அவ்வளவுதான். டிபிகேஜி, அதாவது போட்ட பேக்கேஜ்களின் பதிவேட்டை வைத்திருக்கும் கருவி, அதன் கணக்கில் எதுவும் ஏறாது, அதனால் ஆப்டைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 6.1 மட்டும்தான். ஆனால் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் கருவி) ஆப்டைக் கேட்பதில்லை. லிப் மாட்யூல்ஸ் டைரக்டரிக்குள் உங்கள் கெர்னல் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் ‘பில்ட்’ என்ற இணைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள்.

மடிவாளா_பிஜி_வாசி:
சிவப்பில் மினுக்குகிறது. சோர்ஸ் இருந்த ஃபோல்டரைக் காட்டுகிறது, அதை நேற்றுதான் அழித்தேன். 20 ஜிபிக்கு மேல் தின்றிருந்தது அண்ணா!

பழைய_பெட்டி:
அதேதான், டிகேஎம்எஸ் ஹெடர்ஸைத் தேடுவது அந்த இணைப்பு வழியாகத்தான். கான்ஃபிக் (கெர்னலைக் கட்டிய அமைப்புகள் உள்ள கோப்பு) பூட் டைரக்டரியில் பத்திரமாக இருக்கும், அதை எடுத்து மறுபடி கட்டுங்கள். முதலில் டீபக் இன்ஃபோவை (பிழை தேடுபவர்களுக்கான கூடுதல் தகவல்) அணைத்துவிடுங்கள், 20 ஜிபியில் பெரும்பங்கு அதுதான். லோக்கல் வெர்ஷனில் சொந்தப் பெயர் ஒன்று வையுங்கள், எது எவருடையது என்று பிறகு குழம்பாது. இந்த முறை ‘மேக் பின்டெப்-பிகேஜி’. இமேஜ் (கெர்னலேதான்), ஹெடர்ஸ் எல்லாம் டெப் கோப்புகளாக, அதாவது டெபியன் பேக்கேஜ்களாக வரும். ஹெடர்ஸை முதலில் போடுங்கள், அப்புறம் இமேஜ், ஏனென்றால் இமேஜ் ஏறும்போதுதான் டிகேஎம்எஸ் ஓடும். கூடவே வரும் லிப்சி-டெவ் (மற்ற நிரல்களைக் கம்பைல் செய்ய உதவும் பேக்கேஜ்) வேண்டாம், டெபியனுடையதே இருக்கட்டும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
எக்விவ்ஸ் என்ற கருவியை வைத்து உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பொம்மை பேக்கேஜ் செய்து, கெர்னல் இருக்கிறது என்று ஆப்டை நம்பவைத்தால் 6.1-ஐத் தூக்கிவிடலாமே?

பழைய_பெட்டி:
முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன். 6.12 ஒருநாள் பூட் ஆகாமல் நின்றால் குரப் மெனுவில் (பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் திரை) கைகொடுப்பது அந்த 6.1தான். பாதுகாப்புத் திருத்தமும் அதற்குத்தான் தானாக வரும், உங்கள் கெர்னலுக்கு நீங்களேதான் கட்ட வேண்டும்.

மடிவாளா_பிஜி_வாசி:
கட்டிவிட்டேன். ஹெடர்ஸ் புகார் போய்விட்டது, இப்போது கம்பைலிலேயே விழுகிறது. மேக் லாக் முழுக்க எரர்.

பழைய_பெட்டி:
அது டிரைவர் பழசு என்பதால். டெபியன் 13-இன் கெர்னலே 6.12, அதிலிருந்து அந்த ஒரு டிரைவர் பேக்கேஜை மட்டும் இறக்கிப் போட்டுப் பாருங்கள். தயவுசெய்து சோர்ஸ் லிஸ்டை (ஆப்ட் எங்கிருந்து இறக்க வேண்டும் என்ற பட்டியல்) மாற்றி வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் பாதி சிஸ்டம் 13-க்கு ஏறிவிடும்.

மடிவாளா_பிஜி_வாசி:
வந்துவிட்டது! பிஜி விடுதி வைஃபை வழக்கம்போல ஆமை வேகம்தான், அதற்கு கெர்னல் என்ன செய்யும்.