கார்த்தி எந்த டிசையர் வாங்குவது? (குழு: வில்லாபுரம் வீட்டார்)

கார்த்தி: சித்தப்பா, அண்ணாநகரில் ஒருத்தர் 2011 மாருதி ஸ்விஃப்ட் டிசையர் டீசல் கார் விற்கிறார். அதை வாங்கலாமா, இல்லை கொஞ்சம் கடன் போட்டுப் புது டிசையரே எடுத்துவிடலாமா?

பாண்டி சித்தப்பா: 2011 என்றால் முதல் தலைமுறை. 2008இல் வந்த நீள வண்டி, 4160 மி.மீ. டிக்கி மட்டும் 440 லிட்டர். ஏர்போர்ட் சவாரிக்கு எத்தனை பெட்டி வந்தாலும் முழுங்கும். 1.3 ஃபியட் டீசல் இன்ஜின், தங்கம்டா அது.

செல்வி மதினி: முழுங்கும் சரி, ஸ்விஃப்டுக்குப் பின்னால் பீரோவை ஒட்ட வைத்த மாதிரி இருக்குமே 😂

கார்த்தி: அப்புறம் ஏன் அடுத்த மாடலைக் குட்டையாக்கினார்கள்?

பாண்டி சித்தப்பா: எல்லாம் வரிக்காகத்தான். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசி, டீசல் இன்ஜின் 1500 சிசிக்குள் என்றால் சின்ன கார், கலால் வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் வைத்தார்கள். அந்தக் கணக்கில் நுழையத்தான் 2012 பிப்ரவரியில் வந்த இரண்டாவது டிசையரை 3995 மி.மீ.க்கு நறுக்கினார்கள்.

மணி மாமா: டாடா இண்டிகோ சிஎஸ் 2008லேயே அந்த வேலையைச் செய்துவிட்டது மாப்ளே.

பாண்டி சித்தப்பா: ஆமாம் மச்சான். ஆனால் நறுக்கியதில் அடி வாங்கியது டிக்கிதான். 440 போய் 316 ஆனது. எனக்கு அந்த மாடல் கடைசி வரை பிடிக்கவே இல்லை.

ராணி அத்தை: பாண்டிகோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனால் அண்டாவை எங்கே வைப்பது?

பாண்டி சித்தப்பா: அதற்குத்தான் 2017 மாடல், அக்கா. நீளம் அதே 3995. அகலத்தில் 40, முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 20 மி.மீ. கூட்டினார்கள். டிக்கி 378 லிட்டர் ஆனது. பெயரில் இருந்த ஸ்விஃப்டும் போய் வெறும் டிசையர். பழைய 316 லிட்டர் வண்டியை ‘டூர் எஸ்’ என்று எங்கள் தலையில், அதாவது டாக்ஸிக்காரர்கள் தலையில், கட்டினார்கள்!

கார்த்தி: அந்த 2017 மாடலில் டீசல் உண்டா?

பாண்டி சித்தப்பா: 2020இல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மணி மாமா: 2024 நவம்பரில் வந்த புதுசைப் பார் மாப்ளே. டிக்கி 382 லிட்டர், எல்லா மாடலிலும் 6 ஏர்பேக். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார். முந்தைய மாடலுக்கு 2 ஸ்டார்தான் கிடைத்தது.

பாண்டி சித்தப்பா: 5 ஸ்டார் சரி. ஆனால் இன்ஜினில் 4 சிலிண்டரை 3 ஆக்கிவிட்டார்களே. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

செல்வி மதினி: சிஎன்ஜி எடுத்தால் கிலோவுக்கு 33 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்களே?

பாண்டி சித்தப்பா: கம்பெனி கணக்கு 33.73. ஆனால் கேஸ் சிலிண்டர் உட்காருவது டிக்கியில்.

ராணி அத்தை: அப்போ சிஎன்ஜி வேண்டாம்.

மணி மாமா: 2011 வண்டிக்கு 2026இல் ஆர்.சி. 15 வருடம் முடிகிறது. எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அலைச்சல். சின்ன காருக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதுசே எடு.

கார்த்தி: சரி மாமா, பெட்ரோல் வண்டியையே ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கிறேன். சித்தப்பா, கூட வருகிறீர்களா?

பாண்டி சித்தப்பா: காலையில் ராமேஸ்வரம் சவாரி இருக்கிறது. திங்கட்கிழமை வைத்துக்கொள்.

ராணி அத்தை: டிக்கியைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பு. உள்ளே எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும்.