எடை மீட்சியா, எடை திரும்பலா?

வணக்கம் நண்பர்களே,

உடல் பருமன் சிகிச்சைக்கான நோயாளர் கையேட்டுக்கு, சிகிச்சையில் குறைந்த எடை மறுபடி கூடுவதைக் குறிக்க ஒரு சொல் கேட்டிருந்தேன். உங்களில் ஒருவர் 'எடை மீட்சி' என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி குறையே இல்லை. ஆனால் மீட்சி என்றாலே கடனிலிருந்து மீள்வது, நோயிலிருந்து மீள்வது என்று நல்லதுதான் மனசுக்கு வரும். பாடுபட்டுக் குறைத்த 10 கிலோவில் 7 கிலோ திரும்ப ஏறிவிட்ட ஒருவர் இந்தச் சொல்லைக் கையேட்டில் படித்தால் குழம்பிப்போவார்.

இன்னொருவர் சொன்ன 'மறு எடையேற்றல்' வேறு விதத்தில் இடிக்கிறது. ஏற்றல் பிறவினை, ஏற்றியது யார் என்ற கேள்வி உடனே வரும், பழி நோயாளி தலையில் விழும். பேச்சிலும் 'மறுபடி வெயிட் போட்டுட்டீங்களே' என்றுதானே கேட்கிறோம். எடை குறைந்ததும் கொழுப்புத் திசு சுரக்கும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. ஓராண்டு கழித்து அளந்தபோதும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011-ல் வந்த ஆய்வு காட்டியது. எடை குறைக்கும் மருந்தான செமாகுளுடைடு ஊசியில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் அளவுக்கு எடை குறைந்தது, சரி, ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மாத்திரையை நிறுத்தியதும் ரத்த அழுத்தம் ஏறுவதைப் போலத்தான் இதுவும். இதை மன உறுதிக் குறைவு என்று சொல்லும் சொல்லை நாமே உருவாக்கிக் கொடுக்கக் கூடாது.

அதனால் என் பரிந்துரை 'எடை திரும்பல்'. காய்ச்சல் திரும்பிவிட்டது என்று சொல்கிறோமே, அதே வழக்கு. தன்வினை, எழுவாய் எடை. 'எடை திரும்பல் வீதம்', 'எடை திரும்பியவர்கள்' என்று நீட்டவும் இடம் கொடுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் உடல் பருமனைத் திரும்பத் திரும்ப வரும் நாட்பட்ட நோய் என்கிறது, அதோடும் பொருந்துகிறது. 'திரும்பல்' தனியே நின்றால் சாலை வளைவு போலக் கேட்பது உண்மைதான், எடையோடு சேர்த்தே எழுதுவோம்.

அப்புறம், குறைந்த எடையைக் கூடாமல் வைத்திருக்கத் தொடரும் சிகிச்சைக்கு 'எடைக்காப்பு' என்று போட்டிருக்கிறேன். கையில் போடும் காப்பு நினைவுக்கு வந்து குழப்புமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்