துறைமுகம் இருக்கிறது, கடலைக் காணோம்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆண்ட்வெர்ப் வரை ஒரு வாரம்

நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் ஆற்றுக் கப்பலில் போய்வந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் போய்வந்தோம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கும் மகள் போட்டுக்கொடுத்த டிக்கெட். துலிப் தோட்டம், சாக்லேட் கடை இதெல்லாம் வீட்டுக்காரியைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வாள். நான் 34 வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கு வைப்பவனாக, இருந்தவன். எல்லாம் பழைய துறைமுக ஊர்கள் என்றார்களே, அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் பாதி ஊரில் துறைமுகம் இருக்கிறது, கடலைக் காணோம்.

முதலில் படகைப் பற்றி. 110 மீட்டர் நீளம், அகலம் வெறும் 11 மீட்டர் சொச்சம். லாக்குகளுக்குள், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் மதகுக் கூண்டுகளுக்குள், நுழைய வேண்டுமே, அதனால் தீக்குச்சி மாதிரி ஒல்லியாகக் கட்டியிருக்கிறார்கள். தாழ்வான பாலம் வந்தால் எல்லோரையும் மேல்தளத்திலிருந்து கீழே அனுப்பிவிட்டு, கைப்பிடிக் கம்பிகளை மடக்கி, கேப்டன் நிற்கிற அறையையே லிஃப்ட் மாதிரி கீழே இறக்குகிறார்கள். அதை மட்டும் நான் நாலு தடவை நின்று பார்த்தேன். கரையில் இடம் போதாவிட்டால் ஒரு படகின் பக்கவாட்டில் இன்னொன்றைக் கட்டிவிடுவார்கள். முதல் நாள் காலையில் திரையை விலக்கினால் ஒரு கை தூரத்தில், பக்கத்துப் படகு ஜன்னலில், ஒரு பாட்டி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இருவரும் கையாட்டிக்கொண்டோம்.

ஆம்ஸ்டர்டாமில் படகு நின்றது ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். பழைய துறைமுகம் எங்கே என்று படகுப் பையன் ஒருவனிடம் கேட்டேன். அவன் ரயில் நிலையத்தையே காட்டினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். நிஜம்தான். துறைமுகத்தின் வாயிலேயே மூன்று செயற்கைத் தீவுகளைப் போட்டு, ஆயிரக்கணக்கில் மரத்தூண்களை இறக்கி, 1889ல் அந்த நிலையத்தைத் திறந்திருக்கிறார்கள். அதுவரை நகரம் தண்ணீரைப் பார்த்தபடி இருந்ததாம். அதற்கப்புறம் ஸ்டேஷனைப் பார்த்தபடி.

அடுத்தது ஹோர்ன். சின்ன ஊர். தென் அமெரிக்காவின் தென்கோடியில் கேப் ஹோர்ன் என்று இருக்கிறதே, அது இந்த ஊரின் பெயர். 1616ல் அதைச் சுற்றிப் போன மாலுமி வில்லெம் ஸ்கௌட்டன் தன் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார். கரையோரம் 1532ல் கட்டிய காவல் கோபுரம் நிற்கிறது. அதற்கு அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தண்ணீரில் கையை விட்டு நக்கிப் பாருங்கள் என்று சைகை காட்டினார். உப்பே இல்லை. தாத்தா காலத்தில் இங்கே நெத்திலியும் ஹெர்ரிங் மீனும் பிடித்தார்களாம். 1932ல் 32 கிலோமீட்டருக்கு ஓர் அணையைக் கட்டிக் கடலைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக நன்னீர் ஏரியாக மாறிவிட்டது. நெத்திலி போய் விலாங்கு வந்தது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அணை கட்டக் காரணமான 1916 வெள்ளத்தையும் அதே மூச்சில் சொன்னார்.

ஊர் நடுச் சதுக்கத்தில் யான் பீட்டர்சோன் கூன் சிலை. இதே ஊரில் 1587ல் பிறந்தவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல். ஜாதிக்காய் வியாபாரத்தை ஒற்றைக் கையில் பிடிக்க 1621ல் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் ஆயிரக்கணக்கானவர்களைச் சாகடித்த ஆள். 1893ல் பெருமையாக வைத்த சிலை. இப்போது பீடத்தில் அந்தப் படுகொலையையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். சிலையை எடுக்கவும் இல்லை, விஷயத்தை மறைக்கவும் இல்லை. எனக்கு இது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்காரிக்குப் படவில்லை.

ராட்டர்டாமைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. 1940 மே 14 குண்டுவீச்சில் நடு நகரம் அழிந்துபோய்ப் புதிதாகக் கட்டியது. துறைமுகம் இப்போது கடலை நோக்கி வெகுதூரம் நகர்ந்துவிட்டது. ஊர்ப் பக்கத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பார்க்க மிச்சமிருப்பது ஹோட்டல்கள்தான்.

ஆனால் வேரே என்கிற ஊரை மறக்க மாட்டேன். ஜீலந்து மாகாணத்தில், ஒரு தெரு நீளம்தான். 1541 முதல் ஸ்காட்லாந்துக் கம்பளி முழுக்க இந்த ஊர் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்திருக்கிறது. அந்த வியாபாரிகளின் வீடுகள் இன்னும் கரையைப் பார்த்து நிற்கின்றன. 1953 வெள்ளத்தில் நாடு முழுக்க 1,836 பேர் போனபிறகு கடல்வாய்களை வரிசையாக அடைக்க ஆரம்பித்தார்கள். 1961ல் வேரேயின் வாயும் அடைபட்டது. மீன்படகுகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. இப்போது பாய்மர உல்லாசப் படகுகள் மட்டும்.

அங்கே ஒரு பழைய சாமான் கடை. தட்டில் செப்புக் காசுகள் கிடந்தன, கம்பெனி முத்திரையோடு. ஒன்றை எடுத்து இது என்ன என்றேன். கடைக்கார அம்மா ஒரு சொல் சொன்னார். என் நாக்குக்கு அது வரவில்லை, ஆனால் காதுக்கு வந்துவிட்டது. தெளத்து, தௌட்டு, துட்டு! எங்கள் ஊரில் யார் பணம் என்கிறார்கள்? துட்டுதான். 1658ல் போர்த்துக்கீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரன் தூத்துக்குடியில் உட்கார்ந்தான் என்று பள்ளியில் படித்ததுதான். அவன் விட்டுப்போனதை அறுபது வருடமாக நான் வாயில் வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டு யூரோ கொடுத்து வாங்கிவிட்டேன். துட்டு கொடுத்துத் துட்டு வாங்கியவன் என்று மகள் இன்னும் சிரிக்கிறாள்.

கடைசி, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப். இங்கேதான் எனக்கு மூச்சு வந்தது. கடலிலிருந்து 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, ஆனாலும் ஸ்கெல்ட் நதியில் ஐந்து மீட்டர் அளவுக்குக் கடல் ஓதம் (ஏற்றவற்றம்) ஏறி இறங்குகிறது. சேற்று வாசனை, ஊளையிடும் பார்ஜ் என்கிற சரக்குப் படகுகள், தூரத்தில் கிரேன்கள். 1585ல் இந்த நதியின் வாயை டச்சுக்காரர்கள் அடைத்தார்கள், இருநூறு வருடத்துக்கு மேல் பெரிய கப்பல் வரவில்லை. ஆம்ஸ்டர்டாம் செழித்தது அப்போதுதான். வாயைத் திறந்த பிறகும் 1863 வரை சுங்கம் வாங்கியிருக்கிறார்கள்.

நதிக்கு அடியில் 572 மீட்டருக்கு ஒரு நடைபாதைச் சுரங்கம் இருக்கிறது, 1933ல் திறந்தது. இறங்குவதற்கு மரத்தில் செய்த எஸ்கலேட்டர், இன்றும் ஓடுகிறது. அதில் பின்னால் சைக்கிளோடு நின்றவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், சரக்கேற்றும் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவராம். நான் டாலி கிளார்க் என்று சொன்னதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டார். அவர் காலத்தில் அங்கே தினமும் ஆள் எடுத்த கூடத்துக்குக் ‘கொட்’ என்று பெயராம், கொட்டடி மாதிரிதான். 1972 சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தொழிலாளி தவிர வேறு யாரும் சரக்கைத் தொடக்கூடாது. எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. கடைசியில் மூட்டைக் கொக்கியை எப்படிப் பிடிப்பது என்று இருவரும் வெறுங்கையால் செய்து காட்டிக்கொண்டோம். பிடி ஒன்றுதான். ஒரு மணி நேரம் சுரங்கத்துக்குள்ளேயே போய்விட்டது. மேலே காத்திருந்த வீட்டுக்காரி அப்புறம் பேசவில்லை.

*

பதில்: பிரெடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி

அண்ணாச்சி, உங்கட துட்டைப் படித்துவிட்டுச் சிரித்தேன். நான் இங்கே வந்து 35 வருடமாகிறது. வந்த புதிதில் எல்லாப் பதிவுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன், கதவில் எல்லாம் ‘கந்தோர்’ என்று எழுதியிருந்தது. எங்கட அம்மா அப்பாவை அனுப்பும்போது கந்தோருக்கு நேரமாச்சு என்றுதான் சொல்லுவா. அது தமிழ் என்று நினைத்திருந்தேன். பிறகு மேசை இலாச்சி (இழுப்பறை), கறிக்குப் போஞ்சி (பீன்ஸ்) எல்லாம் ஒல்லாந்தருடைய, அதாவது டச்சுக்காரருடைய, சொல் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மொழி வகுப்பில் மற்றவர்கள் முழிக்க, எனக்கு ஐந்தாறு சொல் இலவசம்.

போன வருடம் அக்கா கனடாவிலிருந்து வந்தபோது இந்தப் படகில் நானும் போனேன். நீங்கள் கிண்டர்டைக் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1740 அளவில் கட்டியவை, அநேகமானவற்றில் இன்றைக்கும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஒரு ஆலைக்காரர் உள்ளே கூட்டிப்போனார். இறக்கைகளை எந்தக் கோணத்தில் நிறுத்துகிறார்கள் என்பதே ஒரு பேச்சு என்றார். உச்சிக்குச் சற்று முன்னால் நிறுத்தினால் வீட்டில் நல்ல காரியம், உச்சியைத் தாண்டி நிறுத்தினால் துக்கம். 2014ல் உக்ரைனில் விமானம் விழுந்து இந்த நாட்டவர்கள் பலர் இறந்தபோது, நாடெங்கும் ஆலைகளைத் துக்கத்தில் நிறுத்தினார்கள். அது எனக்கு நினைவிருக்கிறது, நெடுஞ்சாலையில் போகும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டேன். அக்காவுக்கு அதைச் சொல்ல, அவ கனநேரம் கதைக்கவே இல்லை.

*

பதில்: கோயம்புத்தூர், இப்போது பெல்ஜியத்தில்

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் பயணத்தில் கென்ட் நகருக்குப் படகு போகவே இல்லை. பெல்ஜியத்தில் வேலைநிறுத்தம், லாக் திறக்கவில்லை. நிறுவனம் பஸ்ஸில் அனுப்பியது, இரண்டரை மணி நேரம். பணம் திருப்பிக் கேட்டால் ‘வழித்தடம் மாறலாம்’ என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறதாம். புக் பண்ணும்முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அண்ணாச்சியின் கடலைக் காணோம் பட்டியலில் பெல்ஜியத்தின் புரூஜ் நகரையும் சேர்க்க வேண்டும். 1134ல் ஒரு புயல் கடல்வாயைத் திறந்துவிட்டதால் வளர்ந்த ஊர், அது மணல் மூடியதும் படுத்துவிட்டது. பணம் இல்லாததால் யாரும் பழைய வீட்டை இடிக்கவில்லை, அதைத்தான் இன்று டிக்கெட் போட்டுப் பார்க்கிறோம். மணிக்கூண்டு 366 படி. அப்பா அம்மாவோடு போகிறவர்கள் கீழேயே காபி சொல்லிவிடுங்கள்.

*

முதல் பதிவு எழுதியவரின் பதில்

கிண்டர்டைக் அன்று நல்ல மழை, நான் கம்பளிக்குள் இருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. கந்தோர் எனக்குப் புதுச் செய்தி.

தனிச்செய்தியில் இரண்டு பேர் சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தார்கள். சைவத்துக்குப் படகில் தினமும் ஏதோ ஒன்று தருகிறார்கள், பெரும்பாலும் சீஸ் போட்ட கத்திரிக்காய். நாலாம் நாள் வாய் செத்துவிடும். கரையில் இறங்கி எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் ‘கார்னமெல்க்’ என்று கேளுங்கள். அட்டைப் பெட்டியில் அசல் மோர். உப்பும் பெருங்காயமும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

அறை இடது பக்கமா வலது பக்கமா என்றும் கேட்டார்கள். எந்தப் பக்கம் எடுத்தாலும் பக்கத்துப் படகுப் பாட்டிதான் தெரிவார்.