துரு, உரிந்த பெயிண்ட்: மேக்ரோ வரிசையைக் கண்காட்சிக்கு எப்படி பிரேம் போடுவது?

துருவாணன்

வணக்கம். காசிமேட்டு விசைப்படகுகளில் துருவையும் உரிந்த பெயிண்டையும் நெருங்கி எடுத்த 12 படங்கள். இன்னது என்று பார்த்தவுடன் பிடிபடாது, நிறமும் கோடும் மட்டும்தான். 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், 1:1 உருப்பெருக்கம் (பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும்), எல்லாமே ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்குவது). ஓரம் வெட்டியபின் 5600 × 3733 பிக்சல் மிஞ்சுகிறது. சென்னையில் சின்ன அரங்கு, எனக்கு 30 அடிச் சுவர் ஒன்று. பன்னிரண்டையும் 20 × 30 அங்குலத்தில் போடலாமா? எந்தத் தாள்? கண்ணாடி, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) தேவையா? பக்கத்துப் பிரேம் கடைக்காரர் சாமி படத்துக்குப் போடுகிற மாதிரியே போட்டுத் தருகிறேன் என்கிறார்.

வெள்ளைச்சுவர்

முதலில் கணக்கு. 12 × 30 என்றால் 360 அங்குலம். உங்கள் சுவரும் 30 அடி, அதே 360. இடைவெளிக்கு ஒரு விரல்கூட மிஞ்சாது. மூன்று படத்தைக் கழியுங்கள். ஒன்பதில் 3 படம் 20 × 30, மீதி 6 படம் 12 × 18 அளவில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒரே தொகுப்பாக. பெரியவை பிரேமோடு 32 அங்குல அகலம், மூன்றும் சேர்ந்து 96. சிறியவை மவுண்டும் பிரேமும் சேர்த்து 25.5, நடுவே 2 அங்குலம் விட்டால் தொகுப்பு 80.5. மீதி 183.5 அங்குலத்தை இரண்டு ஓரம், மூன்று இடைவெளி என ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 36 அங்குலத்துக்கு மேல் வரும். அருவமான படத்துக்கு இந்த வெற்றிடம் அவசியம். பக்கத்துப் படம் கண்ணில் பட்டால் பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிடத் தொடங்கிவிடுவார், எதையும் நின்று பார்க்கமாட்டார்.

5600 பிக்சலை 30 அங்குலத்தில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 187 பிக்சல். நான்கடி தள்ளி நின்றால் போதுமானது, ஆனால் மேக்ரோ படம் என்றால் மூக்கு உரசும் தூரத்துக்கு வந்து பார்ப்பார்கள். அதனால் பெரியதாகப் போக வேண்டியவற்றை அழகை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 1:1-இல் லென்ஸின் துளையை எஃப்/16 என்று வைத்தால் உண்மையில் செயல்படுவது அதைவிடக் குறுகிய எஃப்/32. குறுகிய துளையில் ஒளி சிதறும் விளிம்பு விளைவில் (டிஃப்ராக்‌ஷன்) கூர்மை போயிருக்கும், ஸ்டாக்கிங் அதைத் திருப்பித் தராது. எஃப்/5.6, எஃப்/8-இல் எடுத்தவை மட்டுமே 30 அங்குலத்தைத் தாங்கும். உரிந்த பெயிண்டின் விளிம்புகளை 100 சதவீதத்தில் பாருங்கள். ஸ்டாக்கிங் விட்டுப்போகும் மங்கலான ஒளிவட்டம் திரையில் ஒளிந்துகொண்டு, அச்சில் பளிச்சென்று தெரியும்.

தாள்: துருவின் சொரசொரப்புக்குப் பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாள், ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 ஜி.எஸ்.எம். போன்றது. மேட் தாளில் கருப்பு அவ்வளவு ஆழமாக வராது, அடர்பழுப்பு எல்லாம் ஒன்றாகக் கூழாகும். தாளின் ஐ.சி.சி. புரொஃபைலில் (அந்தத் தாளுக்கான நிறக் கோப்பு) சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்ற முன்னோட்டத்தைத் திரையில் பார்த்து நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். முழுப்படத்துக்கு முன் 4 அங்குலத் துண்டு ஒன்று அச்சடித்து, அரங்கின் விளக்கின் கீழேயே பாருங்கள். ஈரப் பெயிண்டின் பளபளப்புதான் விஷயம் என்றால் பரைட்டா என்ற பளபளப்புள்ள தாள். ஒரே தொகுப்புக்குள் இரண்டையும் கலக்க வேண்டாம்.

பெரிய மூன்றை 3 மி.மீ. ஏ.சி.பி. (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட்டில் ஒட்டி, கண்ணாடியில்லாமல் ஃப்ளோட்டர் பிரேமில் (படத்தின் ஓரத்தை மூடாமல் சுற்றிலும் சிறு இடைவெளி விடுவது) வைப்பேன். 8 × 4 அடி ஷீட் ஒன்றில் 20 × 30 துண்டு ஆறு வரும், கெட்டுப்போனாலும் மாற்று இருக்கும். சூடேற்றாமல் அழுத்தி ஒட்டும் கோல்ட் லேமினேஷன் ரோலரில்தான் ஒட்ட வேண்டும். உள்ளே தூசி ஒன்று மாட்டினாலும் பரு மாதிரி தெரியும், பிரித்தெடுக்க வழியில்லை.

சட்டகம்

கணக்கெல்லாம் சரி, கண்ணாடியில்லாத மேட் தாள் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. திறப்பு விழாக் கூட்டத்தில் துருவைப் பார்த்தால் தொட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். விரல் எண்ணெய் மேட் தாளில் ஏறினால் போகாது. ஒன்று, மேட் பாதுகாப்பு ஸ்ப்ரேயை மெல்லிய இரண்டு கோட் அடியுங்கள், அல்லது 3 மி.மீ. அக்ரிலிக் போடுங்கள். அக்ரிலிக் சதுர மீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ, 2 மி.மீ. கண்ணாடி 5 கிலோ. துடைக்க அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகாது, வெடிப்புக் கோடு விழும். அக்ரிலிக் நிலைமின்சாரத்தில் தூசியை இழுக்கும் என்பதால் மூடுவதற்குச் சற்று முன்புதான் மேலுறையை உரிக்க வேண்டும்.

கடையில் "நான்-கிளேர்" என்று சொரசொரப்பாக்கிய கண்ணாடியைத் தருவார்கள். வாங்காதீர்கள். படத்தோடு ஒட்டியிருந்தால் பரவாயில்லை, மவுண்டின் தடிமன் அளவு விலகினாலே நுண்விவரம் மங்கும். மேக்ரோ படத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பிரதிபலிப்பைக் குறைக்கப் பூச்சுப் போட்ட ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் வகை வேறு, விலை அதிகம். கட்டுப்படியாகாவிட்டால் சாதாரணக் கண்ணாடியே மேல்.

ஆறு சிறிய படங்களுக்கு: 12 × 18 படத்தை 14 × 20 தாளில் அச்சடியுங்கள், நான்கு பக்கமும் ஓர் அங்குல வெள்ளை. மவுண்ட் 18 × 24, உள்திறப்பு 12.5 × 18.5. படத்தைச் சுற்றிக் கால் அங்குல வெள்ளைத்தாள் தெரியும், படத்தின் ஓரம் எதுவும் மறையாது. அருவப் படத்தில் ஓரத்துக் கோடுதானே பாதி அமைப்பு! மவுண்ட் எல்லாப் பக்கமும் 2.75 அங்குலம். கீழ்ப்பக்கம் கூட்டும் வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். ஓர் அங்குல பீடிங் (பிரேம் சட்டம்), அதில் கால் அங்குலம் மவுண்டின் மேல் ஏறும், வெளியளவு 25.5 × 19.5.

கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது: ஃபெவிகால் கூடாது, படத்தின் பின்னால் இரட்டைப் பக்க டேப் கூடாது, ஹார்ட்போர்டு படத்தை நேராகத் தொடக் கூடாது. நான்கு பக்கமும் ஒட்டிய தாள் ஈரக்காற்றில் விரிய இடமில்லாமல் அலையலையாக நெளியும். அமிலமற்ற காகிதத்தில் முக்கோண மூலைகள் மடித்து அதில் செருகினால் போதும். அந்த ஓர் அங்குல வெள்ளை ஓரம் இதற்கும் உதவும், மூலைகள் மவுண்டுக்கு அடியில் மறைந்துவிடும். பின்னால் அமிலமற்ற போர்டு ஒன்று, அதற்கும் பின்னால்தான் ஹார்ட்போர்டு. விளிம்பைப் பேப்பர் டேப்பால் மூடுங்கள், ராமபாணப் பூச்சிக்கு அந்த இடுக்குதான் வாசல்.

அச்சு வந்த அன்றே பிரேம் போட வேண்டாம். பரைட்டா தாள் என்றால் மேலே வெற்றுத்தாள் வைத்து 24 மணி நேரமாவது விடுங்கள். மையின் கரைப்பான் வெளியேறாமல் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தது போலாகும்.

துருவாணன்

இருவருக்கும் நன்றி. ஸ்ப்ரே வழியில் போகிறேன். இன்னொன்று: படத்துக்குக் கீழே "படகின் துரு" என்று எழுதலாமா? எழுதினால் மர்மம் போய்விடாதா? சில படங்களுக்கு எது மேல், எது கீழ் என்றே எனக்கும் சந்தேகம்.

ஒளிக்கோணம்

பொருளின் பெயர் வேண்டாம், அளவைக் கொடுங்கள். உரிந்த பெயிண்டையும் சுவர்க்கறையையும் படமெடுத்த ஆரன் சிஸ்கிண்ட் (1903–1991) பெரும்பாலும் ஊர், எண், ஆண்டு இவற்றையே தலைப்பாக வைத்தார். நீங்கள் "காசிமேடு 4" என்று எழுதி, கீழே "உண்மை அகலம் 34 மி.மீ." என்று போடலாம். 36 மி.மீ. சென்சாரில் ஓரம் வெட்டியபின் நிற்கிற அகலம் அதுதான். 30 அங்குல அச்சில் அது 22 மடங்கு பெரிது. அந்த எண்ணைப் படித்தவர் திரும்பப் படத்தைப் பார்ப்பார். "துரு" என்று படித்தவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

மேல் கீழ் சந்தேகத்துக்கு: சிறிய அச்சை நான்கு பக்கமும் திருப்பிச் சுவரில் மாட்டிப் பாருங்கள். துரு வடிந்த கோடு கீழ்நோக்கி இருந்தால் கண் அதைச் சுவர் என்று அடையாளம் கண்டுவிடும், பக்கவாட்டில் திருப்பினால் நிலக்காட்சியாகும். வேண்டியதை முடிவு செய்து, தாளின் பின்புற ஓரத்தில் 2பி பென்சிலால் அம்புக்குறி, எண், ஆண்டு எழுதுங்கள். பிரேமின் முதுகிலும் அதே அம்பு வேண்டும், மாட்டுபவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

ஆறு படத் தொகுப்புக்குக் கம்பி வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் சாயும். பிரேமுக்கு இரண்டு டி-ரிங் (முதுகில் மாட்டும் D வடிவ வளையம்), நேராக இரண்டு திருகாணி. தொகுப்பின் நடுக்கோடு தரையிலிருந்து 58 அங்குலம் என்றால் மேல்வரிசையின் மையம் 68.75, கீழ்வரிசையின் மையம் 47.25. ரிங்கின் உள்மேல் விளிம்பு பிரேமின் உச்சியிலிருந்து 4 அங்குலம் கீழே இருந்தால் திருகாணிகள் 74.5, 53 அங்குல உயரத்தில் வரும். உயரத்தைத் தரையிலிருந்து ஒருமுறை அளந்து, பிறகு ரசமட்டம் வைத்தே கோடு இழுங்கள். பழைய கட்டடங்களில் தரை மட்டமாக இருக்காது.

விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகைச் சாய்வில், சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல், எல்லாம் ஒரே கெல்வின் (ஒளியின் நிறம்). சுவரை உரசுவது போல மேலிருந்து செங்குத்தாக அடித்தால் பருத்தித் தாளின் நாரே நிழல் போட்டு, துருவின் சொரசொரப்போடு குழம்பும்.