சென்னையில் புல்வெளி ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்): 12 மாத வேலைப் பட்டியல் எப்படிப் போடுவது?

ஓ.எம்.ஆர்_பசுமை:
வணக்கம் அண்ணன்மாரே. ஏப்ரல் 1-லிருந்து நாலு இடத்துப் புல்வெளிப் பராமரிப்பு கைக்கு வருது. ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனி: 14,000 சதுர அடி பெர்முடா புல், களிமண், எஸ்.டி.பி. தண்ணி (சுத்திகரிச்ச கழிவுநீர்). சோழிங்கநல்லூர்ல ரெண்டு அடுக்குமாடி: ஒண்ணுல 8,000 சதுர அடி மெக்சிகன் புல், இன்னொண்ணுல 5,000 சதுர அடி கொரியன் புல், வேப்பமரம் நிறைய. ஈ.சி.ஆர்.ல ஒரு விடுதி: 9,000 சதுர அடி மெக்சிகன், கடல் மணல், போர் தண்ணி டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கற உப்போட அளவு) 2,200.

ஆள் நாலு பேர், 18 இஞ்ச் பெட்ரோல் மோவர் ஒண்ணு, பிரஷ் கட்டர் ரெண்டு. மாசம் ரெண்டு வெட்டு, மாசம் ஒரு யூரியா, வாரம் ஒரு களையெடுப்புன்னு 12 மாசத்துக்கும் ஒரே மாதிரி எழுதி வச்சிருக்கேன். இது சரிப்பட்டு வருமா? வருஷத்துக்கு எத்தனை வெட்டு, எவ்வளவு உரம்னு கணக்கு வச்சுக் கொட்டேஷன் போடறது?

மண்புழு:
தம்பி, ஒரே மாதிரி போட்டா ஜூலைல புல் உங்களை முந்திடும், நவம்பர்ல வேலை இல்லாம கூலி குடுப்பீங்க. சென்னைல புல்லோட வேகத்தை மழையும் வெயிலும்தான் தீர்மானிக்குது. அதனால வருஷத்தை நாலாப் பிரிங்க. பெர்முடா, மெக்சிகனுக்கு வெட்டு இப்படி வரும்:

ஜனவரி–பிப்ரவரி: 15 நாளுக்கு ஒண்ணு, மொத்தம் 4.
மார்ச்–மே: 10 நாளுக்கு ஒண்ணு, 9.
ஜூன்–செப்டம்பர்: வாரம் ஒண்ணு, 17.
அக்டோபர்–டிசம்பர்: தரை இடம் குடுத்தா 7.

ஆக 37. உங்க கணக்குல 24 தான் இருக்கு. மிச்ச 13 வெட்டும் உங்க கைக்காசு. கொரியனுக்கு இதுல பாதி போதும், ஆனா விட்டுட்டா மேடு மேடாப் பொம்மிக்கும். அப்புறம் மோவரை ஏத்தினா மேட்டு உச்சி மட்டும் சிரைச்சு, பழுப்புத் தண்டு தெரியும். பச்சை திரும்ப ரொம்ப நாள் ஆகும்.

உயரம்: பெர்முடா 25 மி.மீ., மெக்சிகன், கொரியன் 30–35. மார்ச் கடைசில எல்லாத்தையும் 5–10 மி.மீ. ஏத்திடுங்க. எப்பவும் இருக்கற உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவைல எடுக்காதீங்க. பிரஷ் கட்டர் ஓரத்துக்கும் மரத்தடிக்கும் மட்டும்தான், அதை வச்சு மட்டம் பண்ணவே கூடாது. பிளேடை 20–25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை சாணை பிடிங்க. வெட்டின மறுநாள் இலை நுனியைக் கிட்டப் பாருங்க. நார் நாராக் கிழிஞ்சு வெளுத்திருந்தா பிளேடு மழுங்கிடுச்சு, அந்தக் கிழிசல் வழியாத்தான் பூஞ்சாணம் ஏறும்.

மாசாமாசம் யூரியா வேண்டாம். பெர்முடாவுக்கு 1,000 சதுர அடிக்கு 1 கிலோ வீதம் வருஷம் நாலு தடவை: மார்ச் முதல் வாரம், ஜூன் கடைசி, ஆகஸ்ட், செப்டம்பர் நடு. மெக்சிகனுக்கு மூணு. கொரியனுக்கு அரை கிலோவா நாலு தடவை. இலை காஞ்சிருக்கும்போது தூவி, உடனே 6 மி.மீ. தண்ணி விடணும். ஈர இலைல தூவினா குருணை ஒட்டின இடமெல்லாம் கருகும். கத்திரி வெயில்லயும், அக்டோபர் நடுவுலிருந்து நவம்பர் முடியற வரைக்கும் யூரியாவே கூடாது: முன்னதுல கருகல், பின்னதுல பாதி மழையோட போயிடும், மிச்சம் நோயைக் கூப்பிடும். அக்டோபர் முதல் வாரத்துல 1,000 சதுர அடிக்கு 400 கிராம் பொட்டாஷ் குடுங்க. ஈ.சி.ஆர். இடத்துக்கு மட்டும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ். சாதாரணப் பொட்டாஷ்ல குளோரைடு இருக்கு, அங்க ஏற்கெனவே உப்பு அதிகம்.

நீர்க்கணக்கு:
அண்ணன் சொன்னதுக்கு மேல தண்ணி பத்திச் சொல்றேன், கோடைல ஒப்பந்தம் போறது பெரும்பாலும் இதுலதான்.

1 மி.மீ. தண்ணின்னா சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1,000 சதுர அடி 93 சதுர மீட்டர். ஏப்ரல், மே மாசத்துல ஒரு நாளைக்கு 5 மி.மீ. வச்சுக்கோங்க, அதாவது 1,000 சதுர அடிக்கு 465 லிட்டர். கம்பெனி இடத்துக்கு தினம் 6,500 லிட்டர் வேணும். எஸ்.டி.பி.ல அவ்வளவு மிஞ்சுதான்னு கையெழுத்துக்கு முன்னாடியே எழுத்துல வாங்குங்க. ஜனவரில 3 மி.மீ. போதும்.

களிமண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மி.மீ.; ஒரே மூச்சுல விட்டா ஓடிடும், ரெண்டு தவணையா அரை மணி இடைவெளி விட்டு விடுங்க. கடல் மணல் தாங்காது, தினம் 5. ஸ்பிரிங்ளர் எவ்வளவு போடுதுன்னு பார்க்க, நேர்ச்சுவர் உள்ள ஆறு டப்பாவைப் பல இடத்துல வச்சு 15 நிமிஷம் ஓட்டி, ஸ்கேல் விட்டு அளங்க. ஒரு டப்பால 3 மி.மீ., இன்னொண்ணுல 9 இருந்தா நாசில் அடைச்சிருக்கு; எஸ்.டி.பி. தண்ணின்னா ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழுவணும். நேரம் காலை 5–7. ராத்திரி விட்டா இலை விடிய விடிய ஈரமா இருக்கும். நடந்த கால்தடம் நிமிராம நின்னு, புல் நீலம் கலந்த சாம்பலா மாறினா தாகம்னு அர்த்தம்.

ஈ.சி.ஆர். 2,200 டி.டி.எஸ்.: கோடைல மேல்மண்ல உப்பு படியும், நுனி கருகும். தேவைக்கு மேல 15–20 சதவீதம் சேர்த்து விட்டு உப்பைக் கீழ இறக்கணும். நல்ல தண்ணி லாரி வாங்கிக் கழுவலாம்னா, 12,000 லிட்டர் லாரி அந்த 9,000 சதுர அடிக்கு வெறும் 14 மி.மீ. தான். அந்தச் செலவை உங்க தலைல ஏத்திக்காதீங்க. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புக் குறை: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம், சாயந்தரம் தெளிங்க. டைல்ஸ்ல பட்டா துருக்கறை போகாது, ஓரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுங்க.

கோரைக்கிழங்கு:
கோர் ஏரேஷனும் (காத்தும் தண்ணியும் இறங்க மண்ணுல துளை போடறது) சடை எடுக்கறதும் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம்தான் சரி. நீங்க ஏப்ரல்ல இறங்கறதால இந்த வருஷம் அதைத் தொடவே தொடாதீங்க. வேரைக் கிளறிட்டு மே வெயில்ல விட்டா தாங்காது. ஜூன் கடைசில, ரெண்டு மூணு சாயந்தர மழை விழுந்த அப்புறம் பண்ணுங்க. கத்தியால ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பாருங்க. புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல பழுப்புச் சடை 12 மி.மீ. தாண்டினாத்தான் வேலை, இல்லாட்டி வேண்டாம். கோர் 75 மி.மீ. ஆழம்.

மேல்மண் 3 மி.மீ. போட 1,000 சதுர அடிக்கு 10 கன அடி ஆகும். கம்பெனிக் களிமண்ல துளை போடாம மணலை மட்டும் மேல பரப்பினா தனி அடுக்கா நின்னு தண்ணி இறங்காது. முதல்ல துளை, அப்புறம் மணல். சலிக்காத தொழு உரமும், எங்க அள்ளினதுன்னு தெரியாத செம்மண்ணும் வேண்டாம்; கோரைக்கிழங்குக் களை அதுலதான் வருது. ஒரு தடவை வந்தா கையால பிடுங்கித் தீராது, கிழங்கு கீழ நின்னுக்கும். களைக்கொல்லி ஹாலோசல்ஃபுரான் 75 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 36 கிராம் கணக்கு, 1,000 சதுர அடிக்கு 0.8 கிராம். லேபிள் கரும்பு மாதிரிப் பயிருக்குத்தான், அதனால ஒரு மூலைல அடிச்சு ரெண்டு வாரம் பார்த்துட்டு மிச்சத்துக்குப் போங்க. ஒரு இடத்துல ஓட்டின மோவரைக் கழுவாம அடுத்த இடத்துக்கு ஏத்தாதீங்க. பெட்ரோல் நிரப்பறது புல் மேல கூடாது, சிந்தின இடம் வட்டமா செத்துடும்.

வேப்பமர அடுக்குமாடிக்கு ஒண்ணு. கோடைமழைக்கு அப்புறம் வண்டு ராத்திரில வேப்பிலை தின்ன வரும், முட்டை மண்ணுல. ஆகஸ்ட்ல தண்ணி விட்டும் திட்டுத் திட்டாக் காஞ்சா, அந்த இடத்தைக் கையால இழுங்க. வேர் அறுந்து பாய் மாதிரி சுருண்டு வந்தா வெள்ளைப்புழு. சதுர அடிக்கு 5-க்கு மேல இருந்தா மருந்து, குறைஞ்சா மெட்டாரைசியம் (புழுவைக் கொல்லற பூஞ்சாணம்) கலந்து விட்டா போதும்.

மண்புழு:
வடகிழக்கு மழைக்கு: குதிகால் ஒரு செ.மீ.க்கு மேல இறங்கினா அன்னிக்கு மோவர் ஏத்தாதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளம் வந்து சேறு படிஞ்சா, தண்ணி வடிஞ்ச ரெண்டு நாளுக்குள்ள ஹோஸ் வச்சுக் கழுவிடணும். பழுப்பு வட்டம் வந்தா லிட்டருக்கு 1 மி.லி. பூஞ்சாணக் கொல்லி புரோபிகோனசோல் 25 ஈ.சி.

கொட்டேஷன்ல வருஷத்துக்கு 37 வெட்டுன்னு (கொரியனுக்கு மட்டும் பாதி) எழுதுங்க, மாசத்துக்கு இத்தனைன்னு எழுதாதீங்க. பில் மட்டும் 12 சம தவணை. மழையால தவறின வெட்டு அடுத்த உலர் வாரத்துல ஈடுன்னு ஒரு வரி. உரம், மருந்து, மேல்மண் தனி. நாலு மணி நேரத்துக்குக் குறைவா வெயில் விழற மரத்தடியைப் பொறுப்புலிருந்து விலக்கிடுங்க. 18 இஞ்ச் மோவர், வெட்டின புல் சேரற பெட்டியைக் கொட்டறதோட சேர்த்து, மணிக்கு 5,000 சதுர அடி வரும். உங்க 36,000-க்கு ஏழு மணி நேரத்துக்கு மேல, இடம் மாறற நேரமும் சேர்த்தா ஜூலைல வாரம் ஒண்ணரை நாள். மோவர் ரிப்பேரானா எல்லா இடமும் நிக்கும், ரெண்டாவது ஒண்ணு வாங்கிடுங்க.

ஓ.எம்.ஆர்_பசுமை:
ரொம்ப நன்றி அண்ணே, 37-ஐ வச்சே திருத்தறேன். ஈ.சி.ஆர்.ல மெக்சிகனை எடுத்துட்டு பாஸ்பேலம் புல் போடலாமா? எப்ப?

நீர்க்கணக்கு:
உப்புக்கு அதுதான் ஏத்தது. ஜூலை நடுவுல நடுங்க, பெருமழைக்கு முன்னாடி 10 வாரமாவது வேர் பிடிக்கக் கிடைக்கும். பழைய புல்லை 2 இஞ்ச் மண்ணோட எடுத்து, 6 இஞ்ச் இடைவெளில கொத்து வச்சா சதுர அடிக்கு 4, மொத்தம் 36,000 கொத்து. முதல் மூணு வாரம் மட்டும் நல்ல தண்ணி வேணும். போர் தண்ணியை அதுக்கப்புறம் பாதிக்குப் பாதி கலந்து ஆரம்பிங்க.