மலைப்பாதையில் சுமையிறக்கும் எஸ்-கேபுக்கு எந்த ஷாக் அப்சர்பர் பொருந்தும்?

தாண்டிக்குடி_வாழை:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டின் இசுசூ டி-மேக்ஸ் எஸ்-கேப் பிக்கப் வண்டி. இதுவரை 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் எங்கள் தோட்டத்து மலைவாழைத் தார்களை ஏற்றிக்கொண்டு பெரும்பாறை வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்குகிறேன். திரும்பி ஏறும்போது வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். எப்போதாவது உர மூட்டைகள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வண்டியில்தான் குடும்பத்துடன் வெளியே செல்கிறோம்.

வலது முன்சக்கரத்தின் ஷாக்கில் ஆயில் வழிந்து, அதில் செம்மண் புழுதி ஒட்டிக் கருங்களியாகத் திரண்டிருக்கிறது. முன் டயரின் ஓரத்தைக் கையால் தடவினால் அலையலையாக மேடுபள்ளம் தெரிகிறது. பின்புற ஷாக்குகளில் ஒழுகல் எதுவும் இல்லை. ஆனாலும் சுமையோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பி நிமிர்ந்த பிறகு வண்டி இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது.

பட்டறையில், கம்பெனியில் வந்த அதே ஷாக்கைப் போட்டால் போதும் என்கிறார்கள். மதுரையில் ஒரு உதிரிபாகக் கடைக்காரர், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் வெளிநாட்டு மோனோ டியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் செட்டைப் பரிந்துரைக்கிறார். எங்கள் ஊர் நண்பர் ஒருவரோ, "ஹெவி டியூட்டி ஷாக் போடு, சுமையை அதுவே தாங்கிக்கொள்ளும்" என்கிறார். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் குழம்பியிருக்கிறேன்.

பட்டறை_வாசல்:

வணக்கம் ஐயா. முதலில் உங்கள் நண்பர் சொன்னதை ஒதுக்கிவிடலாம். ஷாக் அப்சர்பர் சுமையைத் தாங்குவதில்லை. சுமையைத் தாங்குபவை முன்புறத்தில் காயில் ஸ்பிரிங்கும் பின்புறத்தில் அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகளும்தான். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் தன் போக்கில் துள்ளிக்கொண்டே இருக்காமல், அந்த ஆற்றலை ஆயிலின் வழியாகச் சூடாக மாற்றி அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. நைட்ரஜன் அழுத்தத்தால் வண்டியை ஓரளவு தூக்கும் மோனோ டியூப் ஷாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ராட் (ஷாக்குக்குள் போய்வரும் தண்டு) 14 மி.மீ. தடிமனும் உள்ளே 25 பார் அழுத்தமும் இருந்தால், ஒரு ஷாக் தூக்கும் எடை ஏறக்குறைய 39 கிலோதான். பெரிய வாழைத்தார் ஒன்றிரண்டுக்கு மேல் அது தாங்காது.

"ஹெவி டியூட்டி" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அமுங்கிய ஷாக் திரும்ப விரியும்போது தரும் தடையைக் கூட்டியிருப்பதைத்தான் குறிக்கும். சுமையோடு இறங்கும்போது அது நல்லதுதான். பின்புறத்தில் எடை கூடக்கூட, அதே ஷாக்கின் அடக்கும் திறன் போதாமல் போவதால்தான் உங்கள் வண்டி வளைவுக்குப் பின் ஆடுகிறது. ஆனால் நீங்கள் காலியாக ஏறும் நாட்களில் அளவுக்கு மீறிய தடை எதிர்வேலை செய்யும்: முதல் பள்ளத்தில் அமுங்கிய பட்டை முழுவதும் விரிவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிட, வண்டியின் பின்புறம் படிப்படியாகத் தாழ்ந்து மரக்கட்டை போல் இடிக்கத் தொடங்கும். காலி வண்டியின் குலுக்கலுக்குக் காரணம் பட்டையின் விறைப்பு. அதை எந்த ஷாக்காலும் போக்க முடியாது.

ஒழுகல் இல்லை என்பதால் பின்புற ஷாக்குகள் நல்ல நிலையில் இருப்பதாக முடிவு செய்துவிட வேண்டாம். உள்ளே வால்வு தேய்ந்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. கரடுமுரடான பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியவுடன் வண்டியை நிறுத்தி, சைலன்சரில் படாமல் புறங்கையால் ஒவ்வொரு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று கொள்ளலாம். பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, பட்டை வைத்த வண்டிக்குச் சரிவராது. பட்டைகளுக்கு இடையிலான உராய்வே அந்த ஆட்டத்தைப் பாதி அடக்கிவிடும்.

எதுவானாலும் வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். காலி வண்டியிலும் வழக்கமான சுமையிலும், பின்புற அச்சுக்கும் அதற்கு மேலிருக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (அச்சு மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடையே உள்ள இடைவெளியை இருபுறமும் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

மண்சாலை_மனிதர்:

முன்னவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மோனோ டியூபுக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன். சாதாரண ட்வின் டியூபில் (இரட்டைக் குழாய் ஷாக்கில்) ஆயிலும் வாயுவும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கின்றன. மணிக்கணக்கில் குலுங்கும் பாதையில் ஆயில் சூடேறி, வாயுவோடு கலந்து நுரைத்துவிட்டால், பிஸ்டன் நுரையைத்தான் தள்ளும், தடை குறைந்துவிடும். மோனோ டியூபில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று இரண்டையும் பிரித்து வைப்பதால் அப்படி நேர்வதில்லை. ஆயில் இருக்கும் குழாயின் வெளிப்புறத்திலேயே நேரடியாகக் காற்றுப் படுவதால் சூடும் விரைவில் தணியும். பில்ஸ்டைன் நிறுவனம் 1957ஆம் ஆண்டிலேயே மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு இந்த வகையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். பிஸ்டன் நகர்வது வெளிக்குழாயிலேயே என்பதால், தெறிக்கும் கல் அந்தக் குழாயில் ஒரு பள்ளம் போட்டால் ஷாக் வீணாகிவிடும். ட்வின் டியூபில் அடி வெளிக்கூட்டோடு நின்றுவிட வாய்ப்புண்டு. என் வண்டியில் அப்படி ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன். தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டு இறங்குவது பாலைவனப் பந்தயம் அல்ல. உங்கள் ஓட்டத்துக்குக் குறைந்த அழுத்த நைட்ரஜன் அடைத்த ட்வின் டியூப் போதும் என்பதே என் கருத்து. ஒசூரில் தொழிற்சாலை உள்ள கேப்ரியல், ஜப்பானின் கேஒய்பி போன்றவற்றில் உங்கள் வண்டிக்கென்று பட்டியலிட்ட எண் கிடைத்தால் அதையும் கம்பெனி ஷாக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்-கேபிலேயே ஹை-ரைடு என்ற உயரமான வகை இருப்பதால், "டி-மேக்ஸுக்குப் பொருந்தும்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரைப் பெறுவதே பாதுகாப்பு.

ஆவணம்_முக்கியம்:

இரண்டு அங்குல உயர்வு பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பழைய அளவிலேயே வேறு ஷாக் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. வண்டியை உயர்த்திவிட்டுப் பிறகு விபத்துக் காப்பீட்டில் வாதாடும் நிலை உங்களுக்கு எதற்கு? பாரத்தோடு மலையிறங்கும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துவது தேவையற்ற வேலை என்பது வேறு.

தாண்டிக்குடி_வாழை:

மூவருக்கும் நன்றி. நேற்று அளந்தேன். காலி வண்டியில் இடைவெளி வலப்புறம் 92 மி.மீ., இடப்புறம் 78 மி.மீ. தார்கள் ஏற்றிய பிறகு வலப்புறம் 38, இடப்புறம் 21. பின்புற ஷாக்குகள் இரண்டும் சூடாகத்தான் இருந்தன. இடப்புறத்தில் மட்டும் சூடு சற்றுக் குறைவு. இடப்புறப் பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள் புஷ்ஷில் ரப்பர் பிய்ந்து உலோகம் தெரிகிறது.

பட்டறை_வாசல்:

அளந்தது நல்லதாயிற்று. காலி வண்டியிலேயே 14 மி.மீ. வேறுபாடு இருப்பது ஷாக்கின் குறை அல்ல. இடப்புறப் பட்டை தளர்ந்திருக்கிறது. புஷ்ஷை மாற்றும்போதே பட்டைக் கட்டைப் பிரித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, இரு பக்கத்தையும் வளைவு பிடித்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். சுமையில் 21 மி.மீ. மட்டுமே மிஞ்சுவதால், பள்ளத்தில் அச்சு பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் சொன்ன, வண்டியை உயர்த்தும் நீளமான ஷாக்கை இந்த நிலையில் மாட்டினால், பம்ப் ஸ்டாப் முட்டுவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டி, மேல் மவுண்ட்டைப் பிய்த்துவிடும்.

பட்டை சரியான பிறகு, பழைய அளவிலான, நைட்ரஜன் அடைத்த ட்வின் டியூப் ஷாக்குகளையே முன்னும் பின்னும் ஜோடியாகப் போடுங்கள். ஒழுகுவதை மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன்புற ஷாக் காயில் ஸ்பிரிங்குக்குள் உட்கார்ந்திருப்பதால், முறையான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாத இடத்தில் அதைப் பிரிக்க விடாதீர்கள். கயிறும் கம்பியும் கட்டிப் பிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக அமுக்கி விரித்து, உள்குழாயில் புகுந்த வாயுவை அங்கிருந்து வெளியேற்றிய பிறகே மாட்ட வேண்டும். ராட் சுழன்றால் கட்டிங் பிளேயரால் கடிக்க விடாதீர்கள். குரோம் பூச்சில் விழும் சிறு கீறல் ஆயில் சீலை மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கும்.

புஷ் உள்ள போல்ட்டுகளை, ஜாக்கியில் தூக்கிய நிலையில் முழுதாக முறுக்காமல், சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே நின்று சீக்கிரம் கிழியும். முன்புறம் கழற்றி மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அலையலையாகத் தேய்ந்த டயர் புது ஷாக்குக்குப் பிறகும் இரையும்; அதைப் பின்புறத்துக்கு மாற்றிப் போட்டு 2,000 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டுப் புது டயரைப் பற்றி யோசிக்கலாம்.